பேபி போடாத மாத்திரை

பெரு நாட்டுக்கு டூர் போகலாமா என்று எங்கள் பக்கத்தில் ரிட்டயர் ஆன ஆசிரியர் யாராவது வாயெடுத்தால், உடனே என் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். உத்திரமேரூரிலிருந்து அவ்வளவு தூரம் போய் வந்தவள் நான்தானாம். போனது இரண்டு பேர், நானும் பேபியும். உயிரோடு திரும்பியது நான் மட்டும். கேட்கிறவர்களுக்குத் தடுப்பூசி, சாப்பாடு, குளிருக்கு என்ன போடுவது எல்லாம் சொல்வேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விழுங்கிவிடுவேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நடுவில் புத்திமதியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு அந்த வியாதி மட்டும் தீராது.

நான் சமூக அறிவியல் டீச்சர். பேபி பி.டி. டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப சாயங்காலம் ஆறு ஆகும். அந்தப் பள்ளியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இருந்த ஒன்றுக்கும் கதவு கிடையாது. அதனால் காலையில் காப்பி ஒரு வாய், பிறகு வீடு வரும்வரை தண்ணீர் இல்லை. எங்களோடு வேலை பார்த்த எல்லாப் பெண்களும் அப்படித்தான். வருஷக்கணக்கில் பழகி, பஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குத் தொண்டை தானாக மூடிக்கொள்ளும். பிறகு நல்ல பள்ளிக்கூடங்களுக்கு மாற்றலாகிப் போனோம், கதவுள்ள கழிப்பறையும் பார்த்தோம். பழக்கம் மட்டும் போகவில்லை.

பேபி என்னைவிட மூன்று வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். அவள் மகள் மஞ்சு எனக்குப் பெரியம்மா முறை வைத்துப் பேசுவாள். நான் சொன்னால் பேபி கேட்பாள். புடவை, ஏலச்சீட்டு, மகளுக்கு மாப்பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் நான் சரி என்று சொன்ன பிறகுதான் தலையாட்டுவாள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பெருவுக்குப் போகும் ஆசை என்னுடையது. மலை உச்சியில் இன்கா மக்கள் கல்லால் கட்டிய ஊரைப் பாடத்தில் நடத்தும்போதெல்லாம் போர்டில் வரைவேன். "டீச்சர், நீங்க நேர்ல பாத்துகீறீங்களா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்க எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வந்து நிற்கிறார்கள், நாம் மட்டும் ஒரு கல்லையும் போய்ப் பார்க்கவில்லையே என்று எனக்கு ரோஷம். சென்னையில் ஒரு டூர் கம்பெனியில் பதினெட்டுப் பேர் கொண்ட குழுவில் பெயர் கொடுத்தேன். பேபிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்னாலாவது போட்டுவிடுங்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் நம்மூர் விமான நிலையத்தில் நம்மையே நிறுத்திவைப்பார்கள். கறி வேண்டாம் என்று சொன்னால் அங்கே கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள், கோழி அவர்களுக்குக் கறி இல்லை போலிருக்கிறது. கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சோறு கிடைக்கும், உருளைக்கிழங்கு தினுசு தினுசாகக் கிடைக்கும். சில்லறைக் காசு எப்போதும் கையில் இருக்கட்டும், பொதுக் கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் உயரம். லிமா நகரம் கடலோரம், சென்னை மாதிரி. அங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் குஸ்கோவில் இறக்கிவிடுவார்கள். குஸ்கோ பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கிறது, ஊட்டியைவிட ஒன்றரை மடங்கு உயரம். காற்று அங்கே மெலிசு. உடம்பு அதற்குப் பழகச் சில நாள் ஆகும். பழகுவதற்குள் ஆட்டம் போட்டால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், சிலருக்கு மூளை வீங்கும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாங்கள் பார்க்கப்போன மலை உச்சி ஊர் குஸ்கோவைவிடத் தாழ்வாகத்தான் இருக்கிறது. விமானம் குஸ்கோவில் இறங்கியதும் காரைப் பிடித்துப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் பாருங்கள். எங்கள் டூர் அட்டவணை அப்படி இல்லை.

காஞ்சிபுரத்தில் எங்கள் டாக்டர் ஆளுக்கு இரண்டு அட்டை மாத்திரை எழுதிக்கொடுத்தார். மேலே ஏறுவதற்கு முதல் நாளே ஆரம்பித்து, காலையிலும் ராத்திரியிலும் போட வேண்டும். அது உடம்பை வேகமாக மூச்சு வாங்கவைத்து உயரத்துக்குச் சீக்கிரம் பழக்கும் என்றார். "யூரின் அடிக்கடி வரும், விரல் கொஞ்சம் மதமதன்னு இருக்கும், பயப்படாதீங்க" என்றும் சொன்னார்.

லிமாவில் அன்று காலை ஆளுக்கொரு மாத்திரை போட்டோம். மத்தியானத்துக்குள் நான்கு தடவை போக வேண்டியதாயிற்று. சர்ச் வாசலில் குழு மொத்தமும் நின்று எங்களுக்காகக் காத்திருந்தது. ஐந்தாவது தடவை ஒரு கடைக்காரனிடம் சைகை காட்டிக் கெஞ்சி உள்ளே போனேன். வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் டூர் மேனேஜர் பிரபு எல்லோரையும் கூட்டிவைத்து, குஸ்கோவில் தினமும் பஸ் உண்டு என்றும், மலை உச்சி ஊருக்குள் கழிப்பறையே கிடையாது, வாசலோடு சரி என்றும் சொன்னார்.

அறைக்கு வந்ததும் பேபியிடம் சொன்னேன்.

"நான் இனிமே அந்த மாத்திரய போடப்போறதில்ல. நீயும் போடாத."

"டாக்டர் போடச் சொன்னாரேக்கா."

"டாக்டருக்கு இன்னாடி, ஆம்பள. எங்கனா மரத்தாண்ட நின்னுட்டு வந்துருவாரு. நீ அந்த மலை மேல எங்க போயி நிப்ப?"

பேபி சிரித்துவிட்டாள். "அதுவும் கரெக்டுதான். நீ சொன்னா சரிக்கா" என்று அட்டையைப் பெட்டிக்குள் போட்டாள். இவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

குஸ்கோவில் முதல் நாள் லேசான தலைவலி. எல்லோருக்கும் இருந்தது. இரண்டாம் நாள் ஊருக்கு மேலே உள்ள கோட்டைக்குப் போனோம். ஆளைவிட உயரமான கற்களைச் சுண்ணாம்பு இல்லாமல், நூல் நுழைய இடமில்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் மூச்சு வாங்கியதை நான் மதிக்கவில்லை. இறங்கும்போது இருமல் வந்தது. நெஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. நம் ஆட்கள் நெஞ்சில் எது வந்தாலும் கேஸ் என்போமே, நானும் அதையே சொன்னேன். பேபி எங்கேயோ போய் ஒரு சோடா வாங்கி வந்தாள். ஏப்பம் வந்தது, அடைப்பு போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் இருமித் துப்பினால் காகிதத்தில் ரோஸ் நிறத்தில் நுரை. படுத்தால் மூச்சு முட்டியது. கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் விரலில் மாட்டும் கிளிப் ஒன்று வாங்கினோமே, பிரபு அதை என் விரலில் மாட்டினார். ஆக்ஸிஜன் அளவு அறுபத்து மூன்று காட்டியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது.

டூரிஸ்டுகளுக்கென்று இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் ஆக்ஸிஜன், கையில் ஊசி, எக்ஸ்ரே. அங்கிருந்த பெண் டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக இருந்ததைக் காட்டினார். நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கசிந்திருக்கிறது என்றார். ஆக்ஸிஜனும், நுரையீரலின் ரத்தக் குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையும்தான் வைத்தியம். அளவு கொஞ்சம் ஏறியதும் என்னை லிமாவுக்கு இறக்கிவிட வேண்டும், இறங்கினாலே பாதி சரியாகிவிடும் என்றார். உயரத்துக்கான மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன் என்று பொய் சொன்னேன். பேபி பக்கத்தில் நின்றிருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

அன்று மத்தியானம் குழு பள்ளத்தாக்குக்கு இறங்கவேண்டிய நேரம். பிரபு பேபியைக் கூப்பிட்டார். நோயாளியோடு யாரும் தங்க வேண்டியதில்லை, நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று நர்ஸும் சொன்னாள். அந்த ஊர் வழக்கம் அது. நமக்கு அது காதில் ஏறுமா? செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியாகட்டும், தெருமுனை கிளினிக்காகட்டும், படுத்திருக்கிறவள் பக்கத்தில் வீட்டு மனுஷி ஒருத்தி உட்கார்ந்திருக்காவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

"நீ போடி. இவ்ளோ தூரம் வந்துட்டு அந்த ஊரப் பாக்காம போவாத" என்றேன் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"உன்ன இங்க தனியா வுட்டுட்டுப் போயி நான் இன்னாத்த பாக்கப் போறேன்? கல்லுதான? கல்லு நம்ம ஊர்லயும் கீது" என்றாள். பிரபுவைப் பார்த்து, "நீங்க போங்க சார், நான் அக்காவ கூட்டிக்கினு நேரா லிமாவுக்கு வந்துடுறேன்" என்று அனுப்பிவைத்தாள்.

நான் வற்புறுத்தவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். போ என்று சொன்னது வாய்தான். அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று உள்ளே எனக்கு உதறல். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அன்று குழுவோடு இறங்கியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று பிற்பாடு அந்த டாக்டர் சொன்னார்.

அந்த ஒன்றரை நாள் அவள் என்னைப் பார்த்துக்கொண்டதை என்னவென்று சொல்வது. நர்ஸுகளுக்குத் தமிழிலேயே உத்தரவு போட்டாள், அவர்களும் எப்படியோ புரிந்துகொண்டார்கள். என் கால் ஜில்லென்று இருந்ததால் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் காலில் சுற்றினாள். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "அக்காவுக்கு லேசா சளி சார், பேஜார் ஆவாதீங்க" என்றாள். அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. தண்ணீர் குடித்ததையும் பார்க்கவில்லை. அந்த அறையிலிருந்த கழிப்பறை நோயாளிக்கானது, நாம் போனால் ஏதாவது சொல்வார்களோ என்று ஒரு தடவை கேட்டாள். தலை வலிக்கிறதா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கழிப்பறையில் இருந்தாள். வாந்தி எடுத்திருக்கிறாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்திருக்கிறாள். வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தூக்கம் இல்லாமல் தள்ளாடுகிறாள் என்று நினைத்தேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். எனக்கு ஆக்ஸிஜன் எண்பத்தைந்துக்கு ஏறியிருந்தது. மறுநாள் லிமாவுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நர்ஸ் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பேபி திடீரென்று எழுந்து, இடுப்பில் கைவைத்து நர்ஸைப் பார்த்து அதட்டினாள்.

"லைன்ல நில்லுடி! காமாட்சி, உன் ஷூ எங்க?"

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும் போல நடித்துக் காட்டுகிறவள் அவள். என்னைச் சிரிக்கவைக்கத்தான் ஏதோ செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பேபி, நீ ரிட்டயர் ஆயி மூணு வருஷம் ஆவுதுடி" என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரும்மா? பேரன்ட்டா? வெளிய வெயிட் பண்ணுங்க, பிரேயர் நடக்குது இல்ல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாஸ்க் நகர்ந்துபோகும் அளவுக்குச் சிரித்தேன். நர்ஸ்தான் முதலில் நிறுத்தினாள். பேபியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். தரையில் ஓடிய டைல்ஸ் கோட்டைக் காட்டி, ஒரு கால் விரலை ஒட்டி இன்னொரு காலின் குதிகாலை வைத்து நடந்து காட்டி, அதேபோல் நடக்கச் சொன்னாள். ஆயிரம் பிள்ளைகளைக் கோட்டில் நடக்கவைத்தவள் இரண்டாவது அடியில் பக்கவாட்டில் சரிந்து என் கட்டில் கம்பியில் மோதி விழுந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளை வீங்கியிருந்தது. உயரத்தால் மூளையில் நீர் ஏறி, மண்டை ஓட்டுக்குள் இடமில்லாமல் நசுங்கும் என்று டாக்டர் சொன்னார். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், உளறல் என்று வரிசையாக வரும், கடைசியில் நினைவு போகும். முதல் இரண்டில் பிடித்துக் கீழே இறக்கினால் ஆபத்தில்லை. பக்கத்து அறையில் மூச்சுக்குத் தொண்டையில் குழாய் வைத்து, வீக்கம் குறைய ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸ் விமானத்துக்கு ஏற்பாடு நடந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் போனில் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் படுத்தபடியே பதில் சொன்னேன். முன்னெச்சரிக்கை மருந்து எடுத்தாரா என்ற கேள்விக்கும் ஆமாம் என்றேன்.

அடுத்த நாள் காலை மேகம் கவிழ்ந்து விமானம் ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் வானம் தெளிந்தது, ஆனால் விடியும்போதே பேபி போய்விட்டாள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். குழாய் உராய்ந்து உதடு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. என்னால் ஓவென்று அழக்கூட முடியவில்லை, அழுதால் மூச்சு நின்றது. நர்ஸ் என்னைக் கட்டிக்கொண்டு அவள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

லிமாவில் பத்து நாள். காகிதங்கள் வர அவ்வளவு நாள் ஆயிற்று. எனக்கு நுரையீரல் தானாகக் காய்ந்துவிட்டது. இறங்கிய இரண்டாம் நாளே சாதாரணமாக மூச்சு விட்டேன், அது எனக்கு அவமானமாக இருந்தது. இருவரும் ஒரே விமானத்தில்தான் திரும்பினோம். நான் மேலே ஜன்னலோர சீட்டில், அவள் கீழே சரக்குகளோடு.

சென்னையில் ஒரு டாக்டரிடம் நுரையீரலைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார் மனுஷர். அந்த ரசத்தை டம்ளரில் ஊற்றிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"சென்னைல காட்டின டாக்டர் இன்னா சொன்னாரு? அந்த மாத்திர போட்டிருந்தாலும் வரலாம், வராமயும் போவலாம்னுதான சொன்னாரு? அப்புறம் இன்னா? அந்தப் பொண்ணுகிட்ட போயி ஒளறிக்கினு நிக்காத. போன உசுரு வரப்போவுதா?"

அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து நாள் ஓட்டினேன். டாக்டர் சொன்னதும் உண்மைதான். காரியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மஞ்சு போன் செய்தாள். "பெரிம்மா, அம்மா பொட்டிய தொறந்தேன். நீங்க வாங்க, தனியா பாக்க முடில" என்றாள்.

தென்னேரியில் மஞ்சு வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது. மஞ்சு என் மடியில் தலைவைத்துக் கொஞ்சம் அழுதாள். பிறகு எழுந்து பெட்டியின் ஜிப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து என் கையில் வைத்தாள். ஒரே ஒரு மாத்திரை பிரித்திருந்தது.

"பாருங்க பெரிம்மா. டாக்டர் அவ்ளோ தரம் சொன்னாரு. நானே எழுதி ஒட்டி வெச்சேன், காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணுன்னு. மறந்துட்டு ஜாலியா சுத்திகீது. இதுக்குக்கூட சோம்பேறித்தனம். போட்டோ முன்னாடி நின்னு தெனமும் திட்றேன் பெரிம்மா. என் கொழந்தய யாரு பாத்துப்பான்னு ஒரு நிமிசம் நெனச்சாளா? அவளா தேடிக்கினதுதான இது?"

அவள் குரலில் இருந்தது துக்கமில்லை, வெறுப்பு. பெற்ற தாயின்மேல் வெறுப்பு. சுவரில் பேபியின் போட்டோவுக்கு மாலைகூடப் போட்டிருக்கவில்லை.

"மஞ்சு, அவ மறக்கல. நான்தான் போட வேணாம்னு சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லிமாவில் ஐந்து தடவை போனது, மரத்தடி என்று கிண்டல் செய்தது, டாக்டரிடமும் இன்ஷூரன்ஸிலும் பொய் சொன்னது, அவள் தங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் சொன்ன வரலாம் வராமலும் போகலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் எனக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மஞ்சு என் கையிலிருந்த அட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க சொன்னா அவ கேப்பா" என்றாள். "நீங்க சொன்னா எதுனா கேப்பா."

"ஆமாம்மா."

"நான் அவள திட்டிக்கினே இருந்தேன்."

எழுந்து போய்ப் போட்டோவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"காரியத்துக்கு நீங்க வர வேணாம் டீச்சர்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறந்ததிலிருந்து அவள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தபோது எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. இனி அவள் தன் அம்மாவைத் திட்ட மாட்டாள். திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.